தவறில்லாத மரணம் யார் கணக்கில்?

மலையேறும் லாரிக்குள் இரண்டு வேண்டுதல்கள் உண்டு. நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்பது ஒன்று. தன் வண்டியால் ஓர் உயிரும் போய்விடக் கூடாது என்பது மற்றொன்று. முதல் வேண்டுதல் பயணம் போகிற எல்லோருக்கும் பொது. இரண்டாவது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கே உரியது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்கு ஏற மூன்று பாதைகள்: கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளி; கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு; போடியிலிருந்து போடிமெட்டு. தேனி மாவட்டத்து வாழையும் திராட்சையும் காய்கறியும் இவற்றின் வழியாக மேலே போகின்றன. ஏலக்காயும் மிளகும் கீழே வருகின்றன. போடியில் ஏலம் போன ஏலக்காய், திண்டுக்கல்லைக் கடந்து வடநாட்டுச் சந்தைகள் வரை லாரியில் போகிறது. லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியதும் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் பல வண்டிகள் நகர்கின்றன. லோயர்கேம்பில் வழிவிடும் முருகனுக்கு ஒரு கும்பிடு, மலைப்பாதையில் மாதா கோயிலுக்கு ஒரு கும்பிடு. எந்த மதத்து ஓட்டுநரானாலும் இரண்டு இடத்திலும் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

இந்தக் கும்பிடுகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். பக்தி என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடவும் செய்யலாம். இரண்டுமே அவசர முடிவுகள். அந்த இரண்டாவது வேண்டுதலுக்குள் சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாக வாதாடி வரும் ஒரு கேள்வி இருக்கிறது. வேண்டுமென்று செய்யாத கொலைக்கும் பாவம் உண்டா? உண்டென்றால், அது யாருடைய பாவம்?

கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்: 64,105. அதே ஆண்டு டிசம்பர் 23 இரவு, சபரிமலை சென்று ஆண்டிபட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். மாலை போட்டு, விரதம் காத்து, மலையேறிச் சாமி பார்த்துத் திரும்பியவர்கள் அவர்கள். கும்பிட்டவரைக் கடவுள் காப்பார் என்ற எளிய கணக்கை அந்தப் பள்ளத்தாக்கு மனிதர்களால் அதற்குப் பிறகு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. வேண்டுதலுக்கு வேறு பொருள் இருந்தாக வேண்டும்.

தமிழர்கள் அறிந்த மிகப் பழைய வாகன விபத்து திருவாரூர் வீதியில் நடந்தது. பெரியபுராணம் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையில், இளவரசன் தேரில் வருகிறான். யாரும் பாராதபோது ஒரு கன்று துள்ளி ஓடி வந்து சக்கரத்துக்குள் புகுந்துவிடுகிறது. இளவரசன் வேகப் பந்தயம் விடவில்லை, போதையில் ஓட்டவில்லை. இன்றைய விசாரணை அதிகாரி வந்திருந்தால் ஓட்டியவர் மீது தவறில்லை என்று எழுதியிருக்கக்கூடும். பரிகாரம் செய்து முடித்துவிடலாம் என்று அமைச்சர்களும் சொல்கிறார்கள். மன்னன் அதை ஏற்கவில்லை. தாய்ப்பசு பட்ட வேதனையைத் தானும் பட வேண்டும் என்று, தன் மகன்மீதே தேரை ஏற்றுகிறான். திருவாரூரில் கல்தேர் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த மன்னனுக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை எந்த நீதிமன்றமும் இன்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது தண்டனையை அல்ல. இறந்த உயிரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ‘தவறில்லை’ என்ற சொல்லோடு விஷயம் முடிந்துவிடாது என்பதை அந்த மன்னன் உணர்ந்திருந்தான்.

இதைவிட நுட்பமான பதில் கம்பம் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கிறது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த சமணத் துறவிகளின் தடம் அது. அவர்கள் வாகனம் ஏறாதவர்கள், கால்நடையாகவே ஊர் ஊராகப் போனவர்கள். அப்படி நடக்கும்போது முன்னால் ஒரு நுகத்தடி நீளத் தரையைப் பார்த்துக்கொண்டே கால் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. காலடியில் எறும்பு சாகக் கூடாது. சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கவுந்தியடிகள், புறப்படும்போதே சொல்லும் எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று: வயல்வழியே போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும், அந்தப் பாவம் தாங்க முடியாதது. அந்தக் கண்ணகியின் கோயில் கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று ஒருநாள் மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்படும் அந்தக் கோயிலின் அடிவாரத்தில்தான் குமுளி லாரிகள் ஏறுகின்றன.

அப்படியும் எறும்பு செத்துவிட்டால்? சமணர்கள் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போனதை மட்டும் வைத்து வரையறுக்கவில்லை. கவனமின்மையால் உயிர் போவதே இம்சை என்கிறது. சமண ஆசாரியர் குந்தகுந்தர் இன்னும் ஓர் அடி முன்னே போகிறார். கவனத்தோடு நடப்பவரின் காலடியில் உயிர் போனாலும் அவருக்குக் கொலைப்பழி ஒட்டாது. கவனமில்லாமல் நடப்பவரோ, ஓர் உயிரும் சாகாவிட்டாலும் இம்சை செய்தவரே.

இந்தக் கருத்தை மலைச்சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் வண்டியின் முழு பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். குமுளி இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, ஒன்றும் ஆகாமல் லோயர்கேம்ப் வந்து டீ குடிக்கிற ஓட்டுநரைச் சட்டம் தொடாது. குந்தகுந்தரின் கணக்கில் அவர் கொலைக்குரிய பாவத்தைச் சுமந்துகொண்டுதான் டீ குடிக்கிறார். அதே இடத்தில் கியரில் இறங்கி, ஹாரன் அடித்து, வளைவில் ஒதுங்கி வந்தும், குறுக்கே பாய்ந்த ஒருவரைத் தவிர்க்க முடியாமல் போனவர் பாவி ஆகமாட்டார். பலனை வைத்து மட்டுமே மனிதரை அளக்கும் நம் பழக்கத்தை இந்தப் பார்வை புரட்டிப் போடுகிறது. எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கவனத்தைத் தொடங்கிவைக்கிற சடங்காக இருக்கும்வரை இதற்கு இசைவானவை. இனிச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று கவனத்தைக் கைகழுவுகிற சடங்காக மாறினால், அந்த வழிபாடே ஆபத்து.

ஆனால் பாவமில்லை என்று சொன்னால் அந்த ஓட்டுநருக்குத் தூக்கம் வந்துவிடுமா? வராது. 1976ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதிய ‘ஒழுக்கமும் அதிர்ஷ்டமும்’ பற்றிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் அவர் காட்டும் உதாரணங்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். தன் தவறு ஏதுமின்றி அவர் ஒரு குழந்தையை மோதிவிடுகிறார். சாலையோரம் நின்று பார்த்தவர்களும் வருந்துகிறார்கள், ஓட்டுநரும் வருந்துகிறார். இரண்டு வருத்தமும் ஒன்றல்ல என்கிறார் வில்லியம்ஸ். ‘உங்கள் மேல் தப்பில்லை’ என்று மற்றவர்கள் ஆறுதல் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஆறுதலை ஓட்டுநர் உடனே ஏற்றுக்கொண்டு அடுத்த லோடுக்குக் கிளம்பினால் நமக்கு ஏதோ உறுத்தும். குற்றம் இல்லாத இடத்திலும் ஒரு கடன் பாக்கி நிற்கிறது.

அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்றும் சமயங்கள் யோசித்திருக்கின்றன. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இஸ்லாமியர்கள் பெருந்திரளாக வாழ்கிறார்கள். அவர்களின் திருக்குர்ஆன், தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்கிறது. இறைவனுக்கு முன் அடிமை ஒருவரை விடுவிக்க வேண்டும், முடியாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குடும்பத்துக்கு ஒரு கடன், கடவுளுக்கு ஒரு கடன். ஒன்றைத் தீர்த்ததால் மற்றது தீராது. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி கிறிஸ்தவர்கள் வாசிக்கும் பழைய ஏற்பாட்டில் ஆறு அடைக்கலப்பட்டணங்கள் வருகின்றன. மரம் வெட்டும்போது கோடாரி கழன்று பக்கத்தில் நின்றவன் செத்துப்போனால், வெட்டியவன் பழிவாங்குபவன் கையில் சிக்காமல் அந்த ஊருக்கு ஓடிப்போகலாம். அங்கே சபை அவனை விசாரிக்கும். அவன் ஓடுவது தப்பிக்க அல்ல, விசாரணைக்கு உயிரோடு போய்ச் சேர.

2024 ஜனவரியில் நாடு முழுவதும் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தியது, விபத்துக்குப் பின் நிற்பதா ஓடுவதா என்ற இந்தக் கேள்வியை முன்வைத்துத்தான். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, அலட்சியமாக ஓட்டி உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை என்றது. பழைய சட்டத்தில் அலட்சியத்தால் நேர்ந்த மரணத்துக்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், போனால் பத்து ஆண்டு என்று ஓட்டுநர்கள் அஞ்சினார்கள். 2024 ஜூலை 1 அன்று சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவர் சாலையில் கிடக்க வண்டியை விரட்டிக்கொண்டு போவது எந்தச் சமயத்திலும் பாவம்தான். ஆனால் நிற்கச் சொல்கிற சமூகம், நிற்பவரின் உயிருக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஓட்டுநரை நையப் புடைக்கிற ஊர், தன் அடைக்கலப்பட்டணத்தைத் தானே இடித்துவிடுகிறது. அதனால் அடிபட்டவருக்குக் கிடைக்க வேண்டிய முதல் உதவியையும் இழக்கிறது.

இனித்தான் கடினமான பகுதி. கவனமே அறம் என்றால், கவனத்துக்குத் தூக்கம் வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே கண் தானாகச் சொருகும். அந்த நேரத்தில் ஓட்டுநரின் மனவலிமையைச் சோதிப்பதில் பொருளில்லை. உடல் தன் கடனைக் கேட்கிறது, அவ்வளவுதான். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூர வழிகளுக்குச் சற்றுக் கூடுதல். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்வதற்குள் அரை மணி ஓய்வு. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒற்றை லாரியைக் கடனில் வாங்கித் தானே ஓட்டுகிறவருக்கும், ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளரிடம் ஓட்டுகிறவருக்கும் அந்தச் சட்டத்தின் நிழல் எட்டவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் குளிர்சாதன கேபின் கட்டாயம் என்பது நல்ல தொடக்கம். எனினும் குளிர்ந்த கேபின், படுக்கும் நேரத்தைத் தந்துவிடாது.

ஓணம் நெருங்கும்போது காய்கறி விடிவதற்குள் எர்ணாகுளம் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். நேரத்துக்கு வராவிட்டால் வாடகையில் பிடிப்பேன் என்கிறார் இன்னொருவர். அடுத்த லோடு தயார், உடனே திரும்பு என்று புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வருகிறது. வாழைத்தார் கறுத்துவிட்டது என்று கடைக்காரரிடம் நாம் குறை சொல்கிறோம். இத்தனை பேரின் அவசரமும் கடைசியில் வந்து சேர்வது ஒருவரின் கண் இமைமேல். விபத்து நடந்தால் வழக்கு அந்த ஒருவர் மீது. சமணர் சொன்ன கவனமின்மை அவருடையதா, அதை உண்டாக்கியவர்களுடையதா? தூங்காமல் வா என்று சொன்னவர் கேபினில் இல்லாவிட்டாலும் ஸ்டீயரிங்கில் அவர் கையும் இருக்கிறது. பாவத்தைப் பங்கு போடுவதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அதைக் குறைக்க வழி பிறக்கும்.

அந்த வழி தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. தலைச்சுமையோடு நடந்தவர்கள் பாரத்தை இறக்கி நிமிர்ந்து நிற்கச் சாலையோரம் சுமைதாங்கிக் கற்கள் நட்டார்கள். கருவுற்றிருக்கையில் இறந்த பெண்களின் நினைவாக அதைச் செய்தார்கள். இறந்தவரின் புண்ணியத்துக்கு முன்பின் தெரியாத வழிப்போக்கரின் ஓய்வே வழி என்று நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரைச் சீமையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரங்கள் கட்டினார். பயணிக்குத் திண்ணையும் தண்ணீரும் தருவது அன்று வழிபாட்டின் ஒரு பகுதி. கோயில்கள் இன்றும் சாலையோரம் இருக்கின்றன, உண்டியலும் நிறைகிறது, வண்டியை ஓரங்கட்டி நான்கு மணி நேரம் நிம்மதியாகப் படுக்கிற இடம்தான் அரிது.

கார்த்திகை பிறந்ததும் தேனியிலிருந்து குமுளி வரை ஐயப்ப பக்தர்களுக்காக அன்னதானப் பந்தல்கள் எழுகின்றன. கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையைப் போலீசார் அமைக்கிறார்கள். ஊர் கூடினால் சாலையின் போக்கையே மாற்ற முடிகிறது. அதே கோயில் கமிட்டிகளும் பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் பங்குப்பேரவைகளும் மண்டி வியாபாரிகளும் சேர்ந்தால், ஆண்டு முழுக்க ஓட்டுநர்கள் படுத்தெழும் கொட்டகை ஒன்றைக் கட்டலாம். லாரி நிறுத்த இடம், குளிக்கத் தண்ணீர், கழிப்பறை, கட்டில்கள், சரக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி போதும். விபத்தில் சிக்கிய ஓட்டுநர் முதலில் போய்ச் சேர்ந்து காவல்துறையை அழைக்கும் பாதுகாப்பான இடமாகவும் அது இருக்கலாம். லோயர்கேம்ப் அதற்கு ஏற்ற இடம். மலையிறங்கிக் களைத்தவரும் மலையேறக் காத்திருப்பவரும் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறார்கள். லோடு சீட்டில் சேர வேண்டிய நேரத்தை எழுதும் மண்டிக்காரர், அந்த நான்கு மணி நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.