கணக்கும் உயிரும்: கேரள எல்லைப்புற உள்ளாட்சிகளின் நலவாழ்வுப் பொறுப்பு குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து (கி.பி. 1063-1070) நீண்ட கல்வெட்டொன்று காணப்படுகிறது. அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலர் சாலைக்கு 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மருந்துக்கு வேண்டியன கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் எனப் பணியாளரையும், அவர்க்குரிய ஊதியத்தையும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் அக்கல்வெட்டு வரையறுக்கிறது. இன்றைய வழக்கில் அதனை ஒரு மருத்துவமனையின் வரவுசெலவுத் திட்டம் எனலாம். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டவை முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921). வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என அவை விதிக்கின்றன.

நோயாளர்க்கு எவ்வளவு செலவிடுவது என்பதை முதற்கல்வெட்டும், கணக்குக் காட்டாதவரை எவ்வாறு நடத்துவது என்பதை அடுத்தவையும் கூறுகின்றன. இவற்றிற்கு இடையே வினா ஒன்று எஞ்சுகிறது. ஒதுக்கிய பணம் முறையாகச் செலவிடப்பட்டும் நோயாளி மாண்டால் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் யார்? பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளை முன்வைத்து இவ்வினாவினை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பொறுப்பின் பகிர்வு

1992ஆம் ஆண்டு 73ஆவது அரசமைப்புத் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களுள் மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் உள்ளடக்கிய நலவாழ்வும் ஒன்றாகும். இதனைப் பெயரளவில் நிறுத்தாது செயற்படுத்திய மாநிலங்களுள் கேரளம் முதன்மையானது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளிடமும், சமூக சுகாதார நிலையங்கள் வட்டாரப் பஞ்சாயத்துகளிடமும், மாவட்ட மருத்துவமனைகள் மாவட்டப் பஞ்சாயத்துகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் கைக்கு மாற்றியது.

எனினும் இம்மாற்றம் முழுமையானதன்று. கட்டடமும் பராமரிப்பும் உள்ளாட்சியைச் சார்ந்தன. மருத்துவரின் நியமனமும் ஊதியமும் மாநில அரசைச் சார்ந்தன. பழங்குடியினர் நலத்திற்குத் தனித்துறை உண்டு. ஊட்டச்சத்திற்கு அங்கன்வாடியை நடத்தும் வேறொரு துறை உண்டு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதியையோ 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. ஒரு நோயாளியின் படுக்கையைச் சுற்றி ஐந்து கைகள் நிற்கின்றன.

இடுக்கி மாவட்டத் தோட்டப் பகுதியொன்றில் கிராமசபைக் கூட்டத்தில் இருந்த அனுபவம் இங்குக் குறிக்கத்தக்கது. நலவாழ்வுச் செலவறிக்கை மலையாளத்தில் வாசிக்கப்பட்டது. சுற்றுச்சுவர், வண்ணப்பூச்சு, மருந்துக் கொள்முதல் என ஒவ்வோர் இனமும் முறையாகவே இருந்தது. மூத்த தொழிலாளிப் பெண் ஒருவர் எழுந்து, “சாரே, காசு செலவானது சரி. ராத்திரியில நெஞ்சு வலிச்சா அங்க யாராச்சும் இருப்பாங்களா?” என்று வினவினார். மருத்துவரை நியமிப்பது பஞ்சாயத்தின் கையில் இல்லை என்பதே விடையாகக் கிடைத்தது. அவ்விடை பொய்யன்று. ஆயினும் அம்மூதாட்டியின் வினாவிற்கு அது விடையும் அன்று.

பொறுப்புப் பகுக்கப்பட்ட இடத்தில் ஒவ்வொருவரும் ‘என் பங்கினைச் செய்தேன்’ என உண்மையாகவே கூறமுடிகிறது. பங்குகள் அனைத்தும் சரியாக இருந்தும் முழுமை பிழையாகிறது. நேர்மையற்றவரைக் கண்டறியும் தணிக்கையால் இப்பிழையைக் கண்டறிய இயலாது.

அட்டப்பாடி: செலவும் விளைவும்

இதன் கொடிய சான்றாகப் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி அமைகிறது. கோயம்புத்தூர், நீலகிரி மாவட்டங்களை ஒட்டிய இம்மலைப்பகுதி அகளி, புதூர், ஷோலயூர் என்னும் மூன்று கிராமப் பஞ்சாயத்துகளைக் கொண்டது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானிய நிதியுதவியுடன் பெருந்திட்டமொன்று இங்கு நடைபெற்றது. அரசுத் துறைகளின் நிதியும் தொடர்ந்து வந்தது. எனினும் 2013இல் பச்சிளங் குழந்தைகளின் தொடர் மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. தாய்மாரின் இரத்தச்சோகையும் குழந்தைகளின் எடைக்குறைவும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. மாண்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறித்தே வெவ்வேறு கணக்குகள் வெளியாயின.

செலவான பணத்திற்குக் கோப்புகள் இருந்தன. இறந்த குழந்தைகளுக்கு ஒத்த கணக்கு இல்லை. பணத்தை எண்ணுவதில் காட்டும் கண்டிப்பினை உயிரை எண்ணுவதில் ஒரு நிருவாகம் காட்டாதாயின், அது எதனை மதிப்புடையதாகக் கருதுகிறது என்பது வெளிப்படை.

இவ்விடத்தில் அட்டப்பாடி இருளரின் ஊரமைப்பு நோக்கத்தக்கது. மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்னும் பொறுப்பாளர் ஓர் ஊரை நடத்துவர். ஊரின் பொதுப்பொருளைக் காப்பவர் வண்டாரி. பண்டாரம் என்னும் சொல்லோடு இப்பெயரை உறவுபடுத்திக் காணலாம். வண்டாரியிடம் கணக்குக் கேட்போர் அவர் முகத்தை நாள்தோறும் காண்போர். அவர் வீட்டு அடுப்பும் ஊரின் அடுப்பும் ஒரே விளைச்சலைச் சார்ந்தவை. துறைசார் நிருவாகம் வந்தபின் கணக்குக் கேட்பவர் தொலைவிலும், பசித்தவர் அருகிலும் ஆயினர். 2013க்குப் பின் ஊர்தோறும் பெண்கள் நடத்திய சமூகச் சமையற்கூடங்கள் இத்தொலைவினைக் குறைக்கும் முயற்சி எனலாம். யார் இன்று உண்ணவில்லை என்பதை அறிவதற்கு அங்கு அறிக்கை தேவையில்லை.

பிளாச்சிமடை: வருவாயும் நலமும்

உள்ளாட்சியின் திட்டமிடல் வெறும் எண்கணக்கு அன்று என்பதற்குச் சித்தூர் வட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்து சான்றாகும். 2000இல் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலைக்கு உரிமம் வழங்கியது இப்பஞ்சாயத்தே. கிணறுகள் வற்றியதையும் நீர் குடிக்கத் தகாததானதையும் முன்வைத்து எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினர் 2002 ஏப்ரலில் போராட்டத்தைத் தொடங்கினர். ஆலை உழவர்க்கு உரமென வழங்கிய கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்தமை 2003இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் என உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003 டிசம்பரில் கூறினார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு ஆலைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. எனினும் 2004இல் நின்ற உற்பத்தி மீண்டும் தொடங்கவில்லை. 2010இல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பினை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது.

வழக்கின் வெற்றி தோல்வியினும், உள்ளாட்சி தன் முந்தைய முடிவினைத் தானே பிழையெனக் கண்டு திருத்தியமையே அறநோக்கில் முதன்மையானது. வரியும் உரிமக் கட்டணமும் தரும் ஆலையை இழப்பது வரவுப் பக்கத்தில் குறைவு. குடிநீரை இழப்பதோ அக்காலத்து எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத குறைவு. எழுதப்படாததை எழுதப்பட்டதற்கு நிகராக அவ்வுள்ளாட்சி எண்ணியது. நலவாழ்வு மேற்பார்வை என்பது மருத்துவமனைச் சுவருக்குள் அடங்குவதன்று என்பதும் இதனால் புலப்படும்.

கணக்கிற்கு வெளியே நிற்போர்

இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தோட்டத் தொழிலாளரிடையே தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் வாழும் லயங்கள் நிறுவனத்தின் உடைமை. ஆகவே வாக்குக்கு உள்ளாட்சியும் வீட்டிற்கு நிறுவனமும் என அவர்களின் வாழ்வு இரண்டாகப் பிளவுபட்டது. ஒழுகும் கூரையும் அடைந்த சாக்கடையும் நோய்க்குக் காரணமாயினும் அவற்றின்மீது பஞ்சாயத்துப் பணத்தைச் செலவிடுவது எளிதாக இல்லை. இலங்கையின் மலையகத்திலும் இதே நிலை காணப்பட்டது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கியது. வாக்களிக்கும் உரிமை பெற்றும் செலவுத் திட்டத்தில் இடம்பெறாத மக்கள், ஆளப்படுவோரேயன்றி ஆள்வோர் ஆகார்.

முதுவர் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதற் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக உருவாக்கப்பட்டது. நோயாளரைத் தோளில் சுமந்து காட்டுவழியே கொணர்ந்த ஊர்களுக்கு ஒரு மன்றம் கிடைத்தது. ஆயினும் மன்றம் பாதையாகிவிடாது. பாதை வேண்டும் எனக் கேட்பதற்கு உரிய இடமாக மட்டுமே அது அமையும்.

மொழியும் இதில் அடங்கும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசு அலுவலகங்களோடு தொடர்புகொள்ளக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) இடமளித்தது. கேட்பவர்க்கு விளங்காத மொழியில் வாசிக்கப்படும் கணக்கு, சட்டப்படி காட்டப்பட்ட கணக்காகலாம், அறத்தின்படி ஆகாது.

தண்டனையும் உண்மையும்

இங்குத் தடை ஒன்று எழுப்பப்படலாம். மருத்துவரையும் செவிலியரையும் ஊர் மன்றத்தில் நிறுத்தி வினவினால் அச்சம் மிகும். அச்சம் மிகின் இறப்புகள் மறைக்கப்படும் என்பர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. 2004இல் கேரள மகப்பேறு மருத்துவர் அமைப்பு தொடங்கிய தாய் இறப்பு ஆய்வில் தாயின் பெயரும், மருத்துவர் பெயரும், மருத்துவமனையின் பெயரும் வெளியிடப்படுவதில்லை. குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடியதால் தாய்மாரைக் காக்கும் நெறிமுறைகள் உருவாயின.

ஆதலின் இருவகைக் கணக்குகளை வேறுபடுத்த வேண்டியுள்ளது. பணத்தின் கணக்கில் மறைத்தவர் விலக்கப்பட வேண்டும். உத்திரமேரூரின் கண்டிப்பு அங்குப் பொருந்தும். உயிரின் கணக்கில் உண்மை கூறியவர் காக்கப்பட வேண்டும். உறவினரையும் சேர்த்து விலக்கும் கண்டிப்பு அங்குக் கேடு செய்யும். முன்னதற்கு வேண்டிய மென்மையைப் பின்னதற்கும், பின்னதற்கு வேண்டிய கடுமையை முன்னதற்கும் மாற்றிக் கொள்வதாலேயன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே மேற்பார்வை பயனற்றுப் போகிறது.

முடிவுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்குமிடத்து நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. மருத்துவனும் மருந்தும் உடனிருந்து பேணுபவனும் பின்னர் வருவர். இன்றைய திட்ட ஆவணங்கள் பின்னைய மூன்றிற்கும் நிதி ஒதுக்குகின்றன. முதற்கூறு பயனாளி என்னும் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்திற்கு உள்ளாட்சிகளின் வழியே நலவாழ்வுக்கென 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. தொகை பெருகுந்தோறும் வினாவும் வலுப்பெற வேண்டும்.

மருத்துவரை நியமிக்கும் அதிகாரம் பஞ்சாயத்திற்கு இல்லாதிருக்கலாம். நோயாளியின் சார்பில் ஐந்து கைகளிடமும் வினவி, அவ்வினாவையும் கிடைத்த விடையையும் பதிவு செய்து, அடுத்த கிராமசபையில் மக்கள் மொழியில் வாசிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ‘எம் கையில் இல்லை’ என்பது அத்தேடலின் தொடக்கமாகலாம், முடிவாதல் கூடாது. இரவில் நெஞ்சு வலித்தால் யார் இருப்பார் என வினவிய அம்மூதாட்டிக்கு உள்ளாட்சி செலுத்தவேண்டிய கடன் அதுவேயாகும்.