வேதத்தை ஆராய்ந்தால் விசுவாசம் கெடுமா?



சென்ற விடுமுறையில் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஞாயிறு பூசைக்குப்பின் என்னைத் தேடி வந்தார். “சுவாமி, இசையாஸ் ஆகமம் முழுவதையும் இசையாஸே எழுதவில்லை என்று ஒரு புத்தகத்தில் வாசித்தேன். எழுதியவரும் கத்தோலிக்கக் குருதான். இது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “அப்படியானால் ஆகமன காலப் பிரசங்கத்தில், சீருஸ் அரசனின் பெயரை 150 வருஷங்களுக்கு முன்பே இசையாஸ் எழுதி வைத்தார், தேவ வாக்குக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று சொன்னீர்களே?” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

குருமடத்தில் படிக்கும்போதே இதைக் கற்றவன் நான். பின் ஏன் அப்படிப் பிரசங்கித்தேன்? எளிய மக்கள் கலங்குவார்களே என்று எண்ணினேன். அதோடு, அந்தப் பேச்சு கேட்பதற்கு நன்றாயிருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விசுவாசத்தைக் காப்பதற்காக, அறிந்ததை மறைக்கலாமா? இக்கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை.

முதலில் விஷயம் இன்னதென்று பார்ப்போம். இசையாஸ் ஆகமத்தில் 66 அதிகாரங்கள் உண்டு. இசையாஸ் கி.மு. 8-ம் நூற்றாண்டில் ஜெருசலேமில் வாழ்ந்தவர். ஓசியாஸ் அரசன் இறந்த வருஷத்தில் தேவாலயத்தில் காட்சி கண்டவர். அரசர்களுக்கும் அஞ்சாமல் புத்தி சொன்னவர். அவர் நாளில் யூதர் பயந்தது அசீரியருக்கு. நகரமும் தேவாலயமும் நிலைத்திருந்தன.

ஆனால் 40-ம் அதிகாரத்தைத் திறந்ததும் காலமே மாறிவிடுகிறது. நகரம் பாழாய்க் கிடக்கிறது; ஜனங்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருக்கிறார்கள். இவை இனி வரும் என்று அங்கே சொல்லப்படவில்லை. வந்துவிட்டன என்று வைத்துக்கொண்டே ஆறுதல் கூறப்படுகிறது. அதுமுதல் கடைசிவரை இசையாஸின் பெயர் ஒரு முறையும் வருவதில்லை. கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்த சீருஸோ, கேட்போர் முன்பே அறிந்த ஒருவனாகப் பேசப்படுகிறான். ஆகையால், 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்கள் பெயர் தெரியாத வேறொரு தீர்க்கதரிசியின் வாக்கு என்றும், 56 முதல் உள்ளவை சிறைமீட்புக்குப் பின் சேர்ந்தவை என்றும் கல்விமான்களில் மிகப் பெரும்பாலோர் இன்று கொள்ளுகிறார்கள். 12-ம் நூற்றாண்டிலேயே இபின் எஸ்ரா என்னும் யூத பண்டிதர் இதைக் குறிப்பாய்ச் சொல்லியிருக்கிறார்.

இதை ஒப்புக்கொள்வதற்கு, சர்வேசுரன் வருங்காரியத்தை அறிவிக்க வல்லவரல்ல என்று சொல்லவேண்டியதில்லை. அப்படிச் சொல்பவன் ஆராய்ச்சி செய்யவில்லை. ஆராயுமுன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டான். இங்கே கேள்வி, தேவனால் கூடுமா என்பதல்ல. தேவன் எவ்விதம் செய்யச் சித்தமானார் என்பதே.

மறுபுறத்தில், நமக்குப் பிடித்த முடிவுக்காகச் சான்றுகளை வளைக்கவும் கூடாது. 1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் இசையாஸ் ஆகமச் சுருள் ஒன்று அகப்பட்டது. அது கிறிஸ்து பிறப்பதற்கு 100 வருஷங்களுக்கு மேல் முந்தியது. அதில் 40-ம் அதிகாரம் ஒரு பத்தியின் கடைசி வரியில் தொடங்குகிறது. எழுதியவர் ஒருவரே என்பது இதனால் ருசுவாயிற்று என்று சிலர் மகிழ்ந்தார்கள். அந்நாளில் அது ஒரே புத்தகமாய் வாசிக்கப்பட்டது என்பதற்குமேல் அச்சுருள் எதையும் நிரூபிக்கவில்லை.

திருச்சபையும் இந்த வழியைப் பொறுமையாகவே நடந்து வந்திருக்கிறது. பலர் எழுதினர் என்று காட்டப் போதிய நியாயம் இல்லையென 1908-இல் உரோமை வேதாகமக் கமிஷன் தீர்மானித்தது. 1943-இல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் தம் நிருபத்தில், வேத ஆசிரியர் தம் காலத்தில் என்ன கருத்துடன் எழுதினார் என்று தேடும்படி கற்பித்தார். புதியது என்பதற்காகவே ஒன்றைச் சந்தேகிக்கும் வைராக்கியத்தையும் கண்டித்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அதையே உறுதிப்படுத்தியது. அம்மாவின் கையைப் பிடித்து நடக்கிற நமக்குப் பயமென்ன?

சின்னப் பிள்ளைக்குப் பால்தானே கொடுக்கவேண்டும் என்பீர்கள். மெய்தான், அர்ச். சின்னப்பரும் அப்படியே செய்தார். எல்லாவற்றையும் எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. காலமறிந்து சொல்வது விவேகம். ஆனால் பால் கொடுப்பது வேறு, பாலில் தண்ணீர் கலப்பது வேறு. சொல்லாதிருந்தால் ஒருவேளை விவேகமாயிருக்கும். நானோ நிச்சயமில்லாததை நிச்சயமான அத்தாட்சியாக நிறுத்தினேன். தேவனுக்குப் பரிந்துகொண்டு பொய் பேசுவீர்களோ என்று யோபு தம் சிநேகிதரைக் கடிந்துகொண்டார். எட்டாம் கற்பனை பிரசங்க மேடைக்கும் உண்டு. மெய்யான தேவனுக்கு முட்டுக்கொடுக்க நம்முடைய பொய் தேவையில்லை. அப்படி முட்டுக்கொடுத்து நிறுத்திய விசுவாசம், பிள்ளை கல்லூரிக்குப் போய் ஒரு புத்தகத்தைப் புரட்டின அன்றே சாய்ந்துவிடும். அப்போது அவன் இசையாஸை மட்டுமா விடுவான்? பொய் சொன்ன வாயிலிருந்து கேட்டதால், சேசுநாதரின் உயிர்ப்பையும் கூடவே விட்டுவிடுவான்.

இதனால் நாம் இழந்ததென்ன? சீருஸின் பெயரைக் கொண்டு நான் சொன்ன ஒரு வாதம் போயிற்று. பெற்றதோ பெரிது. கோவிலும் அரசும் போய், தேவன் கைவிட்டார் என்று அழுத சிறைவாசிகள் நடுவே ஒரு மனிதர் எழுந்து நின்றார். விக்கிரகங்களை வணங்கும் அந்நிய அரசனைக் காட்டி, இவனே தேவனால் அபிஷேகம் பெற்றவன், இவனைக் கொண்டு உங்களை மீட்பார் என்றார். அதை நம்பச் சொல்வது எளிதா? பெரிய வெள்ளியன்று நாம் கேட்கிற, பாடுபடும் ஊழியனைப் பற்றிய வாசகமும் அந்தப் பகுதியிலேதான் இருக்கிறது. இவ்வளவும் சொன்னவர் தம் பெயரை மாத்திரம் சொல்லாமல் போய்விட்டார். கோவிலுக்குக் கொடுத்த மின்விசிறியிலும் பெயர் எழுதச் சொல்லும் நமக்கு இதுவே தனிப் பிரசங்கம்.

அந்த வாலிபரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பலர் முன் செய்த தவறுக்குப் பலர் முன்னேதான் பரிகாரம் செய்யவேண்டும் என்று உங்களுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போதிப்பவன் நானே. ஆகையால் இதை எழுதினேன். இந்த வாரம் வீட்டில் செபமாலைக்குப்பின் இசையாஸ் ஆகமத்தின் 40-ம் அதிகாரத்தை உரக்க வாசியுங்கள். கேள்வி பிறந்தால் பிள்ளைகளை அதட்டாமல் என்னிடம் அனுப்புங்கள். தெரிந்ததைச் சொல்லுவேன், தெரியாததைத் தெரியாது என்பேன்.