தாளம் பிறழ்ந்த இதயமும் நீதியும்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் நோய்க்குத் தூண்டுதல், பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தங் கொணரும் நாளங்களின் வாயிலேயே பிறக்கின்றது. 1998ஆம் ஆண்டிற் பிரான்சின் போர்தோ நகரில் ஹைசாகேரும் அவர்தம் குழுவினரும் இதனை எடுத்துக்காட்டினர். தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் முனையிலுள்ள பலூனை அவ்வாயிற் பொருத்தி, நைதரசு ஒட்சைட்டு வாயுவால் அதனைக் குளிரூட்டுவர். பலூனின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையுங் கடந்து இறங்கும். உறைந்து இறந்த தசை பின்னர் மின்தூண்டலைக் கடத்தாது. 2010இல் அமெரிக்காவில் இம்முறை அங்கீகாரம் பெற்றது.

எஹலியகொடையின் இறப்பர்த் தோட்டமொன்றில் இத்தகைய இதயத்தோடு ஒருத்தி வாழ்வதாகக் கொள்வோம். கொழும்பு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். பஸ் வண்டிகளுக்கும் குறைவில்லை. ஆயினும் விடியலிற் பால் வெட்டச் செல்லாதவளுக்கு அன்றைய 'பேர்' விழாது. இரத்தம் உறையாதிருக்க அவள் உட்கொள்ளும் வார்பரின் மாத்திரைக்கோ அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். பெருமையோடு பேசப்படும் இலவச மருத்துவத்துக்கு அவள் செலுத்தும் விலை அந்த நாட்கூலியே.

புதிய சிகிச்சையை அவளுக்கும் வழங்குவதே நீதி என்பது உடனே எழும் விடை. நன்று, ஆனால் அவ்விடை போதுமா? முதுமையாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் தாளம் பிறழும் இதயங்கள் உண்டு. சிறுவயதில் தொண்டையிற் புகுந்த கிருமியைத் தொடர்ந்து வாதக்காய்ச்சல் கண்டு, வால்வு சுருங்கி, அதனால் தாளம் பிறழும் இதயங்களும் உண்டு. நெருக்கமான லயன் அறைகளில் அக்கிருமி எளிதிற் பரவும். வால்வு கடுமையாகச் சுருங்கியோர் உறைவுச் சிகிச்சையின் முதன்மையான ஆய்வுகளிற் சேர்க்கப்படவில்லை. எனவே, அவளது நோய் இவ்வகையினதாயின், பலூன் அவள் வாயிலுக்கே வந்தாலும் பெரும்பயன் தராது. அவளுக்குரிய நீதி அவளது ஏழு வயதிலேயே தவறிவிட்டது.

இதனைக் கொண்டு, வறிய நாட்டுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், தடுப்பே போதும் எனச் சிலர் வாதிடுவர். அது கொடிய வாதம். இன்று மூச்சுத் திணறுபவளிடம் நாளைய குழந்தைகளின் நலத்தைக் காட்டி விடைபெறுதல் எவ்வகை அறம்? அவளுக்கு வால்வை விரிக்கும் சிகிச்சை உண்டு; அது அவளுக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

தடுப்பும் அத்துணை எளிதன்று. வாதக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில் ஏற்றப்படல் வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய்க்கும் அன்று பேர் விழாது.