வேலியோரத்துக் கோழி





கோழி வளர்ப்பது நம் இல்லங்களில் வழக்கமில்லை. அவ்வாறிருக்க, அடிபட்ட கோழிக்கு வீட்டில் மருத்துவம் செய்வதைப் பற்றி இந்தக் கிழவி பேச முற்படுவது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். வேலிக்கு அப்பால் வளரும் உயிர், வேலிக்கு இப்பால் வந்து விழாது என்று எவரால் உறுதி கூற இயலும்? முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசி மாத மாலையில், அண்டை வீட்டுக் கோழியொன்று நாய் கவ்விய காயத்துடன் எங்கள் கொல்லையில் வாழைமரத்தடியில் வந்து ஒதுங்கியது. முதுகில் ஒரு சிறு கிழிசல்தான் தெரிந்தது. 'உரியவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்' என்று எண்ணினேன். அதன் அருகில் நின்று பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினேன்; பிறகு ஜினாலயத்திற்குப் புறப்பட்டுவிட்டேன். அன்று பெண்களுக்கு யசோதர காவியக் கதையைச் சொல்லும் முறை என்னுடையது. மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்ட யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பிறவிதோறும் விலங்காயும் பறவையாயும் உழன்றதையும், இறுதியில் இருவரும் கோழிகளாய்ப் பிறந்து, முனிவரின் அறவுரை கேட்டு மகிழ்ந்து கூவிய வேளையில் மன்னனின் அம்புபட்டு மாய்ந்ததையும் உருக்கமாகவே சொன்னேன். கேட்டவர் சிலர் கண்ணீர் துடைத்தனர். மாக்கோழிக்காக அழுதுவிட்டு வீடு திரும்பினோம். மெய்யான கோழி வாழைமரத்தடியிலேயே கிடந்தது.

அண்டை வீட்டார் திருமணத்திற்காக வெளியூர் சென்றிருந்தனர் என்பதை மறுநாள் பிற்பகலில்தான் அறிந்தேன். அதற்குள் காயத்தில் புழுக்கள் நெளிந்தன. ஈரமான புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளாகவே அவை பொரித்துவிடும். இப்பொழுது நான் என்ன செய்வேன்? புழு ஈரறிவுயிர்; கோழி ஐயறிவுயிர்; இரண்டும் இயங்குயிர்களே. புழுவை அகற்றாமல் கோழியைக் காக்க வழியில்லை. கால்நடை மருந்தகத்தில் அவற்றை அகற்றினார்கள். அன்றிரவே கோழியும் இறந்தது.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை விளக்குமிடத்து, 'பிரமத்த யோகம்' என்னும் சொல்லை முதலில் வைக்கிறது. கருத்தின்மையால், அசட்டையால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்பது அதன் கருத்து. கத்தியை எடுத்தவர் மட்டுமே ஹிம்சை செய்கிறார் என்று நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நானே எண்ணியிருந்தேன். நான் ஓதிய மந்திரத்தில் குறையில்லை. அதனை, அந்த இடத்தை விட்டு நீங்குவதற்கு ஒரு வாயிலாகக் கொண்டேனே, அதுதான் குறை.

புழுவை அகற்றியது பாவமா என்று பின்னர் ஒரு சிராவகி என்னிடம் கேட்டார். இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது சங்கல்ப ஹிம்சை என்பதை நாம் அறிவோம். அதற்குமேல் தீர்ப்புரைக்கும் தகுதி எனக்கில்லை. அதனை முனிவர்கள் உரைக்கட்டும். ஆனால் முதல் நாளிலேயே ஒரு துணியும் சிறிது உப்பு நீரும் கொண்டு நான் அங்கு அமர்ந்திருந்தால், அக்கேள்வியே எழுந்திராது.

சென்ற கார்த்திகையில் அதே வீட்டின் இன்னொரு கோழி, தொடையில் நாய்க்கடியுடன் வந்தது. இம்முறை நின்று ஓதவில்லை. ஓதிக்கொண்டே வேலை செய்தேன்.

பழைய பருத்திச் சேலைத் துண்டால் இறக்கைகளை உடலோடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றினேன். இறுக்குதல் ஆகாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும். அச்சத்தில் அழுத்திப் பிடித்தே கொன்றுவிடுபவர்கள் உண்டு. குருதி கசிந்த இடத்தைத் தூய துணியால் சில நிமிடங்கள் அழுத்தியிருந்தேன். பின்னர், வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறவிட்ட ஒரு லிட்டர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவினேன். புண்ணைச் சுற்றியிருந்த இறகுகளைப் பிடுங்காமல் கத்தரித்தேன். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மங்கலான இடத்தில் வைத்து, ஈ அணுகாதபடி மேலே கொசுவலைத் துண்டைக் கட்டினேன். மற்றக் கோழிகளோடு விடலாகாது; சிவந்த புண்ணைக் கண்டால் அவை கொத்தும். அலகைப் பிளந்து நீரை ஊற்றுவதும் தவறு. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால் நீர் அதனுள் இறங்கிவிடும். அலகின் ஓரத்தில் ஒரு துளி தொட்டு வைத்தால் அதுவே பருகும். நாம் உண்ணும் வலி மாத்திரைகளைத் தரவே கூடாது.

மாலையில் தானியம் வைத்தேன். இருள் சூழ்ந்ததும் அது ஒரு மணியையும் தொடவில்லை. நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளை இரவுண்ணாமைக்குப் பழக்க நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்!

விடிந்ததும் கூடையில் வைத்து மருந்தகத்திற்குக் கொண்டு சென்றேன். நாய்ப்பல் பட்ட காயம் வெளியே ஊசித்துளை போலிருந்தாலும் உள்ளே ஆழமாகச் சீழ் பிடிக்கும். வீட்டு மருத்துவம் அங்கே போதாது. மருத்துவர் ஊசி போட்டு, சொல்லும் வரை இதன் முட்டையையோ இறைச்சியையோ எவரும் உண்ணலாகாது என்றார்.

'பிழைக்கவைத்து என்ன பயன்? நாளை குழம்பாகத்தானே போகும்!' என்று என் தம்பியே நகைத்தான். அவன் கேள்வி என்னை வருத்தியது. பொய்யென்று தள்ளவும் இயலவில்லை. அஹிம்சை அணுவிரதத்திற்குச் சொல்லப்பட்ட ஐந்து அதிசாரங்களை எண்ணிப் பார்த்தேன்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தும் இன்று, இப்பொழுது, நம் கையருகே உள்ள உயிரைப் பற்றியவை. நாளைக்கு அவ்வுயிர் யார் கையில் இருக்கும் என்று பார்த்து இன்றைக்கு நீர் வார்க்கும்படி அவற்றில் எங்கும் கூறப்படவில்லை. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தைப் பெறுபவர் நெடுநாள் வாழ்வார் என்ற உறுதியின்மேல் எவரும் அதைச் செய்வதில்லை. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் வளாகத்தில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனைக்கு வரும் புறாக்களும் மீண்டும் அதே வானத்திற்குத்தான் செல்கின்றன. பருந்துகளும் அங்கேதான் பறக்கின்றன.

பன்னிரண்டாம் நாள் கோழியை உரியவளிடம் ஒப்படைத்தேன். மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். அவள் அதன் தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, பொங்கலுக்கென்று வைத்திருந்தேன். நீங்கள் இத்தனை பாடுபட்ட பிறகு..." என்றவள் முடிக்கவில்லை. நானும் வாக்குறுதி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் சில இரவுகளில் தோன்றுகிறது.

பொங்கல் கடந்தது. நண்பகலில் அது சற்று நொண்டியவாறு வேலியின் இடுக்கில் நுழைந்து வருகிறது. வாழைமரத்தடியில் ஒரு மண்சட்டியில் வடிகட்டிய நீர் வைத்திருக்கிறேன்.