யானைக்கால் நோயரும் நமது கடமையும்



திருவனந்தபுரத்தில் தம்பானூர் வழியே ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டை நாம் அறிவோம். ஓடும் என்றது வழக்கம்பற்றியே. பல இடங்களில் அது தேங்கிக் கிடக்கிறது. இத்தகைய அழுக்குநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே யானைக்கால் நோயின் நுண்புழுவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டுசெல்கிறது.

மலையாளத்தில் இந்நோய்க்கு மந்து என்று பெயர். வரம் கேட்குமாறு வற்புறுத்திய காளியிடம், ஒரு காலின் மந்தை மற்றக் காலுக்கு மாற்றித் தரும்படி நாராணத்துப் பிராந்தன் கேட்டதாகக் கதை வழங்குகிறது. மாற்றலாமேயன்றிப் போக்க இயலாது என்றே அக்கால மக்கள் எண்ணினர் போலும்!

இன்று புழுவுக்கு மருந்து உண்டு. 2004 முதல் நம் நாட்டில் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை ஊரார் அனைவர்க்கும் டை எத்தில் கார்பமசின் மாத்திரை வழங்கப்பட்டது. பரவலும் குறைந்தது. ஆயினும், சில ஆண்டுகள் வாழ்ந்து மடியும் அப்புழு கெடுத்துவிட்ட நிணநீர்க் குழாய்கள் பழைய நிலைக்கு மீள்வதில்லை. இளமையில் புகுந்த புழுவின் சுமையை முதியவர் எழுபதிலும் இழுத்து நடக்கிறார். இரத்தத்தில் புழு இல்லை என்று சோதனை கூறும். கால் வீங்கியே இருக்கும்.

அவரைப் பார்த்து, "முன்வினை" என்கின்றனர். பௌத்தராகிய நம்மிலும் சிலர் அவ்வாறு பேசக் கேட்டு வருந்தினோம். வேதனை அனைத்தும் பழவினையால் வருவதோ என்று சீவகன் என்னும் பரிவிராசகன் வினவியபோது, பகவான் எட்டுக் காரணங்களைக் கூறினார். பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவமாறுதல் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். வினை எட்டில் ஒன்றே. வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைக் கண்டபோதோ, காரணம் ஆராய்ந்திலர். ஆனந்தரை நீர் கொணரச் செய்து, இருவருமாகக் கழுவிப் படுக்கையில் கிடத்தினர்.

இந்நோய்க்கும் அதுவே முறை. நாள்தோறும் சோப்பும் தூயநீரும் கொண்டு காலைக் கழுவி, மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துக. வெடிப்பிருந்தால் மருத்துவர் தந்த களிம்பைத் தடவுக. படுக்கையில் காலை உயர்த்தி வைக்க. அடிக்கடி வரும் காய்ச்சலும் எரிச்சலும் பெரும்பாலும் வெடிப்புவழிப் புகும் கிருமிகளால் விளைவன. கழுவினால் அவை குறையும், வீக்கமும் மேலும் பெருகாது தடைப்படும். குனிய முடியாத கிழவிக்குத் தன் காலைத் தானே கழுவுதல் எங்ஙனம் கூடும்? வீட்டிலுள்ள இளையோர் கழுவுக. இளையோரில்லா வீட்டுக்கு நம் சங்கத்தார் இருவர் முறைவைத்துச் செல்க. காய்ச்சல் கண்ட நாளில் அவரை நடக்கவிடாது, ஈரத்துணியைக் காலில் இட்டு, மருத்துவரிடம் வண்டியில் கொண்டுசெல்க.