குறையில் விளைந்த பொருத்தம்

பிரான்சின் தெற்கே, ரோன் ஆறு கடலுக்கு இறங்கும் பகுதியில், சிவப்பு ஒயினுக்கு ஒரே திராட்சையை நம்புவது குறைவு. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் என்ற மூன்றைக் கலப்பது அங்கே பெருவழக்கு. கிரெனாஷுக்கு இனிப்பும் பழவாசமும் மிகுதி. நிறமும் துவர்ப்பும் போதாது. அடர்ந்த நிறத்தையும் மிளகு வாசத்தையும் சிரா தரும். மூர்வெத்ர் நல்ல வெயில் காணாமல் பழுக்காது. பழுத்துவிட்டால் ஒயினை வருடக்கணக்கில் தாங்கும் திடம் அதில் உண்டு.

இப்படிக் கலக்கக் கற்றது நாக்கு மட்டுமா? பயத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பூக்கும் காலத்தில் குளிரோ மழையோ வந்தால் கிரெனாஷ் பூவை உதிர்த்துவிடும். வெயில் சுருங்கிய ஆண்டில் மூர்வெத்ர் கைவிடும். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று நட்டான் குடியானவன். ருசி பின்னால் வந்தது.

இந்தப் பயம் திண்டுக்கல் சமவெளிக்கு நன்றாகத் தெரியும். வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளத்தைத் தனியாக விதைத்தவர்கள் அன்று குறைவு. கூடவே மொச்சை, தட்டைப்பயறு, துவரை. மழை குறைந்தாலும் சோளம் தாக்குப்பிடிக்கும். துவரையோ ஆழ வேர்விட்டு, கதிர் அறுத்த பிறகும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைத் தேடிப்பிடித்துக் காய்க்கும். பயறுகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். வானம் எப்படிப் போனாலும் வீட்டுக்கு ஏதோ ஒன்று வந்து சேரும்.

அந்தக் காட்டில் சேர்ந்து விளைந்தவைதான் வட்டிலிலும் சேர்ந்தன: சோளச்சோறு, மேலே மொச்சைக் குழம்பு. உடலுக்கு வேண்டிய லைசின் என்ற புரதக்கூறு சோளத்தில் குறைவு, பயறில் தாராளம். பயறில் குறையும் மெத்தியோனின் சோளத்தில் இருக்கிறது. இந்தப் பெயர்களெல்லாம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் பெண்கள் இரண்டையும் ஒரே வட்டிலில் வைத்துவிட்டார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

ரோன் ஒயினுக்கு ஆட்டுக்கறியும் ஆலிவும் பொருந்துவதற்கும் இதே நியாயம்தான். தனியாகக் குடித்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு, கறியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து மென்மையாகிவிடுகிறது. சிராவின் மிளகு வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இனங்கண்டு சொன்னார்கள். மிளகின் வாசத்திலும் அதற்குப் பங்குண்டு. தாண்டிக்குடி மலையில் கொடியேறும் மிளகிலும் ரோன் கரைத் திராட்சைத் தோலிலும் இருப்பது ஒரே பொருள்! சீரகசம்பா, சின்னச் சின்னக் கறித்துண்டு, தயிர், எலுமிச்சை, தூக்கலான மிளகு என்று இறங்கும் திண்டுக்கல் பிரியாணிக்கு அந்த ஒயின் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். மிளகாய்க் காரம் ஏறினால் மட்டும் ஒத்துவராது. ஒயினின் சாராயம் எரிச்சலைக் கூட்டும். நம் ஊர் பிரியாணிக்குத் துணையாக வைத்தது வெங்காயப் பச்சடி. சூட்டுக்கும் கொழுப்புக்கும் எதிரே அதன் குளிர்ச்சியும் புளிப்பும்.

எதில் ஒன்று குறைகிறதோ, அங்கேதான் இன்னொன்று வந்து உட்கார இடம் கிடைக்கிறது. கிரெனாஷ் தன்னளவில் நிறைந்திருந்தால் சிராவைத் தேடியிருக்கமாட்டார்கள். சோளத்தில் குறை இல்லாவிட்டால் மொச்சை வெறும் தொட்டுக்கையாகவே நின்றிருக்கும். வறண்ட நிலமும் பொய்க்கும் மழையும் நமக்குக் கற்றுத்தந்த கூட்டு இது.

இன்று அந்தக் காடுகள் பலவற்றில் கோழித்தீவனத்துக்காக மக்காச்சோளம் மட்டுமே நிற்கிறது. விலை சரிந்தாலும் மழை தவறினாலும் முழுக்காடும் ஒன்றாகப் போகிறது. காடு வைத்திருப்பவர்கள் வரும் புரட்டாசிப் பட்டத்தில் நான்கு சாலாவது மொச்சையும் துவரையும் ஊடே போடுங்கள்.