அறிவுக்கு உரியவர் யார்?

பொருளுக்கு உரியவர் யார் என்ற வினாவுக்கு விடை காண்பது எளிது. விலை கொடுத்து வாங்கியவர், உழைத்து ஈட்டியவர், முன்னோரிடமிருந்து பெற்றவர் என்று சட்டம் வரையறுத்து வைத்திருக்கிறது. அறிவுக்கு உரியவர் யார் என்று வினவினால் அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. பல்லாண்டுகள் பாடுபட்டுக் கற்ற ஒன்றை, முன்பின் அறியாத ஒருவர் வந்து கேட்டால் சொல்லியாக வேண்டுமா? சொல்வது கடமையா, கொடையா? சொல்லாமல் காப்பது உரிமையா, கருமித்தனமா?

இவ்வினா கல்விக்கூடங்களில் மட்டும் எழுவதன்று. எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கு நடுவேயும் எழுகின்றது. அமெரிக்காவில் பழைய கார்களைப் பேணி வருவோரின் உலகம் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

1935ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில், தொன்மையான மோட்டார் வண்டிகளைப் பாதுகாக்க ஒரு கழகம் தோன்றியது. அக்கழகத்தினர் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி என்னும் ஊரில் கூடுகின்றனர். அங்கே விரியும் சந்தையில் விளக்குகளும், சக்கர மூடிகளும், கார்புரேட்டர்களும், மங்கிய விளம்பரத் தாள்களும் வரிசை வரிசையாகக் கிடக்கும். வாங்குவதும் விற்பதும் கண்ணுக்குத் தெரியும் வாணிகம். கண்ணுக்குத் தெரியாத வாணிகம் ஒன்றும் உண்டு. துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டைக் கையில் ஏந்தி, "இஃது எந்த ஆண்டு வண்டிக்கு உரியது?" என்று ஒருவர் கேட்கிறார். அறிந்தவர் சொல்கிறார். சொல்லுக்கு விலை கேட்பதில்லை. கேட்டவர் போகும்போது ஒரு கதையும் அவரோடு போகிறது.

இப்பேச்சின் பயனை உணர ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' காரை எண்ணிப் பார்த்தால் போதும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவான வண்டி அது. இன்று கார் ஓட்டத் தெரிந்த எவரும் அதை உடனே ஓட்டிவிட முடியாது. காலால் மிதிக்கும் மூன்று மிதிகள் அதில் உண்டு. நடுவில் உள்ளதைத் தடுப்பு என்று கருதி மிதித்தால் வண்டி பின்னோக்கிப் பாயும். தடுப்பு வலப்புறத்து மிதியில் இருக்கிறது. வேகத்தைக் கூட்டுவதற்குக் கால்மிதியே கிடையாது; திசைச் சக்கரத்தின் கீழுள்ள சிறு நெம்புகோலைக் கையால் நகர்த்த வேண்டும்.

அவ்வண்டியைக் கையால் கிளப்புவது இன்னும் நுட்பமானது. முன்புறத்தில் உள்ள இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அதற்கு முன்பே, தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தும் நெம்புகோலை மேலே தள்ளிவிட வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்துக் கைப்பிடியைத் திருப்பி அடிக்கும். அக்காலத்தில் அவ்வாறு மணிக்கட்டு முறிந்தோர் பலர். ஆதலின் கைப்பிடியைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும்; கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும்; சுற்றிப் பிடித்தலாகாது. இதை நூலில் படித்தவனும் முதன்முறை தவறிவிடுவான். பழகிய முதியவர் ஒருவர் அருகில் நின்று, அவன் விரலைத் தம் கையால் நகர்த்தி வைத்தால் ஒருபோதும் மறவான். அந்த முதியவர் சொல்லாது போயிருப்பின், அவர் காத்த அறிவு எவருக்குப் பயன்பட்டிருக்கும்?

செய்தவரையே கேட்டுக்கொள்ளலாமே எனின், செய்த நிறுவனங்கள் பல இன்று இல்லை. 1852இல் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கிய ஸ்டூட்பேக்கர், 1966இல் கனடாவில் தன் கடைசிக் காரைச் செய்து முடித்தது. செல்வர்களின் பெருமிதமாய் விளங்கிய பேக்கார்டு என்னும் பெயர் 1958ஆம் ஆண்டோடு மறைந்தது. தாய் இறந்தபின் பிள்ளையை வளர்க்கும் சுற்றத்தாரைப் போல, அவ்வண்டிகளை வாங்கியவர்களும் பழுதுபார்த்தவர்களுமே அவற்றின் அறிவுக்குக் காவலராயினர். சுவடியைப் பேழையில் பூட்டி வைத்த வீட்டில் கறையானே வாசகன் ஆகும் என்பதை அவர்கள் அறிவர்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பழுதுபார்க்கும் தொழிலாளிக்கு அவர் அறிவே சோறு போடுகிறது. அதை இலவசமாக வழங்கச் சொல்வது நீதியா? நீதியன்று. உழைப்புக்குக் கூலி பெறுவது அறம். தாம் செலவிடும் நேரத்துக்கும் கைத்திறனுக்கும் அவர் விலை சொல்லலாம். ஆனால், தம்மோடு அழிந்தாலும் அழியட்டும் எனத் தொழில் நுணுக்கத்தைப் புதைப்பது வேறு. அவரும் ஒருநாள் யாரோ ஒருவரின் அருகில் நின்று கற்றவரே. பெற்ற கடனைத் தந்தவருக்கே திருப்பித் தர இயலாதபோது, அடுத்தவருக்குத் தருவதன்றி வேறு வழியில்லை.

இதனினும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. நல்லோருக்குச் சொல்லும் அறிவு பொல்லாதார் செவியிலும் விழுமே! பாண்டியாக் நிறுவனத்தின் 'ஜி.டி.ஓ.' என்னும் ஆற்றல் மிக்க கார் 1964இல் வெளிவந்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அது தனி மாதிரியாக இல்லை. 'லெமான்ஸ்' என்னும் காருக்குக் கூடுதல் விலையில் கிடைத்த சிறப்புத் தொகுதியாகவே இருந்தது. ஆகவே அவ்விரு ஆண்டுகளின் வண்டி எண்ணைக் கொண்டு மட்டும் ஜி.டி.ஓ.வை இனங்காண முடியாது. 1966இல்தான் அது தனி மாதிரியாகித் தனக்குரிய எண்ணைப் பெற்றது. இன்று ஜி.டி.ஓ.வின் மதிப்பு லெமான்ஸின் மதிப்பைவிட மிக உயர்ந்தது. எனவே, லெமான்ஸ் வண்டிக்குச் சின்னங்களும் எஞ்சினும் மாற்றி, பிறப்பிலேயே ஜி.டி.ஓ. என்று விற்போரும் தோன்றினர். எஞ்சினில் பொறித்த எழுத்துகள், தொழிற்சாலைப் பட்டியல்கள் ஆகியவற்றை ஆராய்ந்தவர்கள் மெய்யைக் காட்டும் அடையாளங்களை அறிவார்கள். அவற்றை வெளியிட்டால் மோசக்காரனும் கற்றுக்கொண்டு இன்னும் திறமையாக ஏமாற்றுவான். வெளியிடாவிட்டால் வாங்குபவன் குருடனாய் நிற்பான். எதைச் செய்வது?

ஆழ்ந்து நோக்கினால் மறைப்பினால் நன்மை பெறுபவன் மோசக்காரனே என்பது புலப்படும். அவனுக்குப் பொருளாசை என்னும் ஆசான் இருக்கிறான். எவர் மறைத்தாலும் தேடிக் கற்றுவிடுவான். வாழ்நாளில் ஒருமுறை, சேமித்த பணத்தோடு வரும் எளியவனுக்குப் பிறர் சொல்லும் சொல்லே துணை. பலர் அறிந்த இடத்தில் பொய் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே சொல்லுதலே நன்று.

ஆனால் சொல்பவருக்கும் ஒரு கடமை உண்டு. இவ்வுலகில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. முதிய மாது ஒருத்தி கோயிலுக்கு மட்டுமே ஓட்டிய வண்டி என்பார் ஒருவர். தந்தையார் தொழிற்சாலை வாயிலிலேயே வாங்கியது என்பார் மற்றொருவர். அன்பினால் கதை வளரும். விற்பனையினால் இன்னும் வளரும். ஸ்டூட்பேக்கர் வண்டிகளின் உற்பத்தி ஆணைகள் சவுத் பெண்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. வண்டி பிறந்தபோது பூசிய வண்ணத்தை அந்தத் தாள் சொல்லிவிடும். குடும்பக் கதை வேறு வண்ணம் சொன்னால் தாளுக்கே இடம் தர வேண்டும். அதற்காகக் கதையை எறிந்துவிட வேண்டுவதில்லை. அவ்வண்டி ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பதைத் தாள் சொல்லாது. கதையைக் கதை என்றும், சான்றைச் சான்றென்றும் பிரித்துச் சொல்வதே நேர்மை.

அமெரிக்கக் கரையைக் கடந்து கியூபாவுக்குச் சென்றால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், 1960இல் அமெரிக்கா ஏற்றுமதித் தடை விதித்தது. புதிய அமெரிக்கக் கார்களும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றது. இருந்த செவர்லே, பியூக், டாட்ஜ் வண்டிகளை அம்மக்கள் கைவிடவில்லை. சோவியத் வண்டிகளின் பாகங்களைப் பொருத்தினர். டீசல் எஞ்சின்களை ஏற்றினர். கிடைக்காத துண்டுகளைக் கையாலேயே வடித்தனர். தந்தை மகனுக்கும், அண்டை வீட்டார் அண்டை வீட்டாருக்கும் கற்றுக் கொடுத்தனர். வடிவத்தால் பெரிய பாதாம் கொட்டையை ஒத்தவை என்று பொருள்படப் பெயரிட்டு, அவற்றை வாடகை வண்டிகளாக ஹவானா தெருக்களில் ஓட்டினர்.

எஞ்சின் மாற்றியவர் ஹவானாவிலும் இருக்கிறார், ஜி.டி.ஓ. என்று பொய் சொல்லி விற்றவரும் எஞ்சின் மாற்றியவரே. ஒரே செயல் ஓரிடத்தில் பெருமையாகவும் மற்றோரிடத்தில் வஞ்சகமாகவும் ஆவது எங்ஙனம்? ஹவானாக்காரர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது எந்நாட்டு எஞ்சின் என்று தாமே சொல்கிறார். மற்றவர் மூடியைத் திறக்க அஞ்சுகிறார். குற்றம் இரும்பில் இல்லை, மறைப்பில் இருக்கிறது.

காரின் ஆயுள் அதைப் பேணுவோரின் ஆயுளைவிட நீண்டது. பத்திரத்தில் பெயர் இருந்தாலும் அவர் சில காலக் காவலரே. வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நாளில், எதை மாற்றினோம், எதை அறியாமல் விட்டோம், எதைக் கேள்விப்பட்டோம் என்பவற்றையும் சேர்த்து ஒப்படைப்பவரே கடமை முடித்தவர். அறிவுக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. அடுத்து வந்து கைப்பிடியைப் பற்றப் போகும் அந்த அறியாத இளைஞனுக்கும் அதில் உரிமை உண்டு. அவன் கட்டைவிரல் தவறான இடத்தில் இருப்பதைக் கண்டும் வாளாவிருப்பது, அறிந்தவருக்கு அழகன்று.